வானத்துக் காலிமனை

என் அக்கா வீட்டுக்காரர் முப்பத்தொரு வருடம் வானத்தில் காலிமனை தேடினார். ஏறக்குறைய அதே காலம் நான் தரையில் தேடினேன். நான் கண்டுபிடித்ததை விற்றேன், அவர் கண்டுபிடித்ததைச் சும்மா கொடுத்தார். இருவரில் யார் கெட்டிக்காரன் என்று என்னைக் கேட்டால் நான் என்ன சொல்வேன் என்பது உங்களுக்கே தெரியும். அக்காவைக் கேட்டால் வேறு பதில் வரும்.

நான் மனைத் தரகன். அத்தான் மலையுச்சித் தொலைநோக்கியில் ஆபரேட்டர். தொலைநோக்கி என்றதும் ஒரு நீளக் குழாயும், அதன் முனையில் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு நிற்கும் தாடிக்காரரும் உங்கள் நினைவுக்கு வந்தால் இருவரையும் அனுப்பிவிடுங்கள். இது பதினைந்து மீட்டர் அகலமுள்ள ஒரு தட்டு. அதில் கண்ணை வைக்க இடமே கிடையாது. நட்சத்திரம் பிறக்கிற இடமெல்லாம் தூசும் வாயுவும் அடைத்துக்கொண்டு கன்னங்கரேலென்று இருக்குமாம். சாதாரண வெளிச்சம் அதைத் தாண்டி வெளியே வராது. ஆனால் அந்தக் குளிர்ந்த மேகம் தானாகவே ஓர் அலையை விடுகிறது. ஒரு மில்லிமீட்டர்கூட நீளமில்லாத அலை. அதைத்தான் இந்தத் தட்டு பிடிக்கிறது. காற்றில் கொஞ்சம் ஈரம் இருந்தாலும் அந்த அலை வழியிலேயே அடங்கிவிடும் என்பதால், மனிதன் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிற உயரத்தில், ஒரு புல்லும் முளைக்காத மொட்டை மலையில் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். அங்கே ஒரு மனையைக்கூட என்னால் விற்க முடியாது, பார்த்துவிட்டேன்.

அத்தானின் வேலை தட்டைத் திருப்புவது. ஜன்னல் இல்லாத ஓர் அறை, ஆறு திரைகள், காலடியில் ஒரு ஹீட்டர், எந்நேரமும் உறுமிக்கொண்டிருக்கும் மின்விசிறிகள். சூரியன் வந்த பிறகும் இந்தத் தட்டு வேலை செய்யும் என்பதால் அவருக்கு எப்போதும் காலை முறை. விடியும் முன் ஜீப்பில் ஏறிப் போய்விட்டு, மத்தியானம் தலைவலியோடு இறங்கி வருவார். என்னிடம் மனை பார்க்க வருகிறவர்கள் எல்லாம், "உங்க அத்தான்கிட்ட சொல்லி எங்க பசங்களுக்கு நட்சத்திரம் காட்டச் சொல்லுங்களேன்" என்பார்கள். அவர் அந்த வேலையில் ஒரு நட்சத்திரத்தைக்கூடப் பார்த்ததில்லை. திரையில் அவர் பார்த்ததெல்லாம் நடுங்கும் கோடுகளைத்தான்.

காலிமனை விஷயத்துக்கு வருகிறேன். பால்காரர் பாத்திரத்தோடு பாலை எடை போட்டுவிட்டு, வெறும் பாத்திரத்தை எடை போட்டுக் கழிப்பாரே, அதே கணக்குதான். காற்றும் கருவியும் சேர்ந்து போடுகிற இரைச்சல் பெரிய அண்டா. மேகத்திலிருந்து வருகிற அலை அந்த அண்டாவின் அடியில் ஒரு சொட்டு. அதனால் மேகத்தைக் கொஞ்ச நேரம் பார்க்க வேண்டும். பிறகு பக்கத்தில் ஒன்றுமே இல்லாத ஓர் இடத்தைக் கொஞ்ச நேரம் பார்க்க வேண்டும். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் மிச்சம் நிற்பது மேகம். ஆராய்ச்சியாளர்களுக்கு மேகத்தின் மேல்தான் கண். அந்த ஒன்றுமில்லாத இடத்தை எங்கே போய்த் தேடுவது என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. அத்தான் உடைத்துக்கொண்டார். வேலைக்குச் சேர்ந்த மறு வருடத்திலிருந்து வானம் முழுக்கக் காலியிடங்களைக் குறித்துவைத்தார். மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு. எந்த மேகத்துக்கு எது பக்கம் என்பது மனப்பாடம். உலகத்தின் எந்த மூலையிலிருந்து எவ்வளவு பெரிய படிப்பாளி வந்தாலும், "அண்ணே, இதுக்குக் காலியிடம் எங்க?" என்று கேட்பார். அத்தான் எண்ணைச் சொல்வார். அவர் எழுதிக்கொள்வார். திரும்பக் கேட்கிற பேச்சே கிடையாது. அத்தான் காலி என்றால் காலிதான்.

அவருக்கு மலையில் இருந்த சொத்து அது ஒன்றுதான். பட்டம் கிடையாது, பதவி உயர்வு கிடையாது, அதிர்ந்து பேசுகிற பழக்கமும் கிடையாது. அவர் சொன்னால் எழுதிக்கொள்வார்கள், அவ்வளவுதான். அதை அவர் எந்த அளவுக்குப் பெருமையாக வைத்திருந்தார் என்பது எனக்கு வெகு காலம் புரியவில்லை. நான்தான் அவருக்குக் 'காலிமனை' என்று பெயர் வைத்தேன். ஜீப் டிரைவர் அதை ஒரே நாளில் மலைக்கு ஏற்றிவிட்டார். கல்யாணமான புதிதில் அக்கா, "ஒண்ணுமில்லாத இடத்தைக் காட்டறதுக்கு ஒரு சம்பளமா?" என்று கேட்டுச் சிரிப்பாள். பேராசிரியரின் கட்டுரை வந்த பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டாள்.

பேராசிரியர் என்றால் அந்தத் தொலைநோக்கி நிலையத்துக்கே தலைவர். பத்தொன்பது வருடத்துக்கு முன் ஒரு மேகத்தைப் பார்த்தார். திரையில் ஒரு மேடு வர வேண்டிய இடத்தில், நடுவில் பள்ளம் விழுந்து இரண்டு மேடு வந்தது. இடது மேடு வலதைவிடக் கொஞ்சம் உயரம். வாயு நாலா பக்கத்திலிருந்தும் உள்ளே சரிந்து விழுந்தால்தான் அப்படி வருமாம். அதாவது அங்கே ஒரு நட்சத்திரம் உருவாகிக்கொண்டிருக்கிறது, கையும் களவுமாகப் பிடித்துவிட்டோம் என்று அர்த்தம். கட்டுரை வந்தது, பேராசிரியர் ஊர் ஊராகப் போய்ப் பேசினார், பாடப்புத்தகத்தில் அந்த இரட்டை மேட்டின் படம் ஏறியது. கட்டுரையின் கடைசியில் ஒரு வரி, பொருத்தமான காலியிடத்தைத் தந்த ஆபரேட்டருக்கு நன்றி என்று, பெயரோடு. அத்தானின் பெயர் அச்சில் வந்தது அதுதான் முதல் தடவை. அக்கா அந்தப் பக்கத்தை நகல் எடுத்து, எங்கள் சொந்தக்காரர்களில் படிக்கத் தெரிந்தவர்களுக்கும் தெரியாதவர்களுக்கும் கொடுத்தாள்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

ஒரு விடுமுறை நாள் மத்தியானம் அக்கா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நான் வழக்கம்போல் என் தொழில் பெருமையை அளந்துகொண்டிருந்தேன். ஒரு பள்ளி ஆசிரியருக்கு மனை காட்டியிருந்தேன், பளிச்சென்று காலியான மனை. வில்லங்கம் ஏதாவது உண்டா என்று பக்கத்து மனைக்காரரைக் கேட்டேன். ஒன்றுமே கிடையாது, தங்கமான இடம் என்றார். கடைசி நேரத்தில் பார்த்தால் இரண்டு மனையுமே ஒரே தகராறு நிலத்தை வெட்டிப் பிரித்தது. அவருக்குத் தன் குட்டு வெளிப்படக் கூடாது, அதனால் இதையும் நல்லது என்றார்.

"அதான் அத்தான், பக்கத்துல இருக்கறவன கேக்கவே கூடாது. அவனும் அதே வில்லங்கத்துலதான் உக்காந்திருப்பான். ரெண்டு தெரு தள்ளிப் போய்க் கேக்கணும்" என்றேன்.

அத்தான் வாய்க்குக் கொண்டுபோன கை பாதியில் நின்றது.

"ரெண்டு தெரு தள்ளியா?" என்றார்.

"ஆமா. குறைஞ்சது ரெண்டு."

அவர் எழுந்து கை கழுவிக்கொண்டு உள்ளே போய்விட்டார். சாப்பாடு சரியில்லையா என்று அக்கா என்னை முறைத்தாள். சமைத்தது அவள், முறைப்பு எனக்கு. அது எங்கள் வீட்டு வழக்கம்.

பிறகுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. பேராசிரியரின் மேகத்துக்குக் கொடுத்த காலியிடத்தை அத்தான் அந்தக் காலத்தில் சும்மா கொடுக்கவில்லை, சோதித்துத்தான் கொடுத்தார். எப்படிச் சோதித்தார்? அதன் பக்கத்திலேயே இன்னொரு காலியிடத்தைப் பார்த்து, இதிலிருந்து அதைக் கழித்தார். மிச்சம் பூஜ்யம் வந்தது. இரண்டு இடத்திலும் ஒன்றும் இல்லை என்று எழுதிக்கொண்டார். ஆனால் இரண்டின் மேலும் ஒரே மாதிரி மெல்லிய வாயு படர்ந்திருந்தால்? அப்போதும் கழித்தால் பூஜ்யம்தானே வரும்!

அவர் மனதை உறுத்திக்கொண்டிருந்த சமாசாரம் இன்னொன்றும் இருந்தது. பேராசிரியர் மேகத்தை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை பார்த்தபோது மேடுகள் இடத்துக்கு இடம் ஏறி இறங்கின. நடுவிலிருந்த பள்ளம் மட்டும் நகரவே இல்லை. மேகம் முடிந்துபோன ஓரத்தில்கூட, மேடே இல்லாத இடத்தில், பள்ளம் மட்டும் தனியாக இருந்தது. கருவிக் கோளாறு என்று சொல்லி அந்த ஓரத்தை வெட்டிவிட்டார்கள். அத்தானும் சரி என்றார். அவர் யார் சரியில்லை என்று சொல்ல?

மறுநாளிலிருந்து மூன்று நாள் காலை, ஆராய்ச்சியாளர்கள் சாப்பிடப் போகிற நேரத்தில், அத்தான் தட்டைத் தன்னுடைய காலியிடத்தின் பக்கம் திருப்பினார். கழிப்பதற்குப் பக்கத்து இடத்தை எடுக்கவில்லை. வானத்தில் எவ்வளவு தள்ளிப் போக முடியுமோ அவ்வளவு தள்ளிப் போய் ஓர் இடத்தை எடுத்தார். கருவியும் இப்போது புதியது, பழையதைப்போல் அரைக்கண் பார்வை இல்லை. முதல் நாள் கோடு நடுங்கிக்கொண்டிருந்தது. இரண்டாம் நாள் சந்தேகமாக ஏதோ தெரிந்தது. மூன்றாம் நாள் சின்னதாக, அழகாக, ஒரு மேடு. பேராசிரியரின் பள்ளம் எந்த இடத்தில் இருந்ததோ அச்சாக அதே இடத்தில்.

பள்ளம் மேகத்தில் இல்லை. காலியிடத்தில் இருந்த வாயுவை இவர்களே கழித்து, இவர்களே பள்ளம் தோண்டியிருக்கிறார்கள். உள்ளே எதுவும் சரியவில்லை, எந்த நட்சத்திரமும் பிறக்கவில்லை. பத்தொன்பது வருடமாக அந்த மேகம் சிவனே என்று கிடந்திருக்கிறது.

அன்று மத்தியானம் அத்தான் வீட்டுக்குப் போகாமல் என் அலுவலகத்துக்கு வந்தார். மூன்று தாளை மேசைமேல் வைத்தார். எனக்கு அதில் ஒன்றும் புரியவில்லை. எல்லாவற்றையும் சொன்னார். நான் கதவைச் சாத்தினேன்.

"இத யாராவது கேட்டாங்களா?"

"யாருமே கேக்கல மச்சான். அதான் பிரச்சினையே. பத்தொம்பது வருஷமா ஒருத்தரும் கேக்கல."

"அப்ப விடுங்க. எட்டு மாசத்துல ரிட்டையர் ஆகப்போறீங்க. அந்த மேகம் வந்து உங்க மேல கேஸா போடப்போவுது?"

"அதே இடத்தை வெச்சு முப்பத்தேழு பேரு கட்டுரை எழுதியிருக்காங்க. நான் சொன்னேன்னு எழுதிக்கிட்டுப் போனவங்க."

"சொன்னா என்ன ஆகும்னு யோசிச்சீங்களா?"

"யோசிச்சேன்" என்றார். தாள்களை அடுக்கினார், கலைத்தார், மறுபடி அடுக்கினார். "சொன்னா அப்புறம் நான் காலின்னு சொல்ற எடத்த எவன் நம்புவான்?"

அவர் வேலையைப் பற்றிப் பயப்படவில்லை, பேராசிரியரைப் பற்றியும் அவ்வளவாகப் பயப்படவில்லை. அந்த ஒரு சொத்து போய்விடும் என்றுதான் பயந்தார். எனக்கு அப்போதுதான் அது புரிந்தது. புரிந்த பிறகும் நான் தரகன்தானே, வாயை மூடிக்கொண்டிருங்கள் என்றுதான் மறுபடி சொன்னேன். என் தொழிலில் நான் மறைத்ததெல்லாம் இதைவிடப் பெரிய மேடு.

அவர் அக்காவிடம் போய்ச் சொன்னார். அக்கா அலை, வாயு எதையும் கேட்கவில்லை.

"தப்பு பேராசிரியரோடதா, உங்களோடதா?"

"எடம் குடுத்தது நான்."

"அப்ப நீங்கதான சொல்லணும்? இதுக்கு எதுக்கு அவன்கிட்டப் போய் ஆலோசனை?" என்றாள். 'அவன்' நான்.

பேராசிரியர் அறைக்கு அத்தான் போனது ஒரு செவ்வாய்க்கிழமை. முதல் நாளே ராஜினாமாக் கடிதம் ஒன்றை எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அந்த மனிதரின் பத்தொன்பது வருடப் புகழைப் பிடுங்கப் போகிறோமே என்றுதான் வழியெல்லாம் நினைத்தாராம். பேராசிரியர் மூன்று தாளையும் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். சுவர் கடிகாரம் சத்தம் போடுகிறது என்பதை அத்தான் அன்றைக்குத்தான் கவனித்தாராம். கடைசியில் பேராசிரியர் தலையை நிமிர்த்தினார்.

"நீங்க என்ன செஞ்சிருக்கீங்கன்னு தெரியுதா?"

"தெரியுது சார். மன்னிச்சிருங்க."

"என்ன மன்னிப்பு? இது புது மேகம்ங்க! இவ்வளவு குளிரா, இவ்வளவு மெல்லிசா ஒரு மேகம் அங்க இருக்குன்னு யாருக்குமே தெரியாது!"

அத்தானுக்குக் காபி வந்தது. திட்டு வாங்கத் தயாராகப் போன மனிதர் இரண்டு பிஸ்கட்டோடு திரும்பி வந்தார்.

ஆறு மாதத்தில் பேராசிரியரின் புதிய கட்டுரை வெளிவந்தது. பழைய கண்டுபிடிப்பு தவறு, அந்தத் தவறுக்குள் ஒரு புதிய கண்டுபிடிப்பு இருக்கிறது என்று. கூட்டம் கூட்டமாகப் பாராட்டினார்கள். தன் தவறைத் தானே ஒப்புக்கொள்ள எவ்வளவு பெரிய மனசு வேண்டும் என்று ஒரு பத்திரிகை எழுதியது. மேகம் சரிந்தது என்று சொல்லி ஒரு முறை புகழ், சரியவில்லை என்று சொல்லி ஒரு முறை புகழ். மேகத்துக்கு நீளமாக ஓர் எண் வைத்தார்கள். அத்தானுக்கும் கட்டுரையில் இடம் இருந்தது. மூன்றாம் பக்கத்தில், ஆபரேட்டர் பரிந்துரைத்த காலியிடம் போதுமான அளவு சோதிக்கப்படாதது என்று ஒரு வரி. இந்த முறை பெயர் போடவில்லை. அதற்கு நாங்கள் நன்றி சொல்ல வேண்டுமாம்!

நான் குதித்தேன். "அந்த ஆளு உங்க தலைய மிதிச்சு மேல ஏறிட்டாரு அத்தான்" என்றேன்.

"எழுதினது சரிதான? நான் சோதிச்சது பத்தல" என்றார். அந்த மனிதரிடம் கோபப்படவைக்க என்னால் கடைசிவரை முடியவில்லை. எனக்கு வந்த கோபத்தை நானே வைத்துக்கொண்டேன், இன்னும் வைத்திருக்கிறேன்.

மிச்சமிருந்த மாதங்களில் அவர் முப்பத்தேழு பேருக்கும் தனித்தனியாகக் கடிதம் எழுதினார். தன் பட்டியலை ஒன்றாம் எண்ணிலிருந்து மறுபடி சோதிக்க ஆரம்பித்தார். நூற்று அறுபதுவரை வந்தார். அதில் இன்னும் மூன்று இடம் சுத்தமில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துவிட்டு வந்து, அந்த மூன்றையும் எண் எண்ணாக என்னிடம் சொன்னார். இன்னும் இருநூற்றைம்பது சொச்சம் பாக்கி இருந்தது.

கடைசி நாள் குடும்பத்தாரை மலைக்கு வரவிட்டார்கள். நானும் அக்காவும் போனோம். உயரத்தில் எனக்குத் தலை கிறுகிறுத்தது. அக்கா மட்டும் முப்பத்தொரு வருடமாக வாடகைக்கு விட்டிருந்த வீட்டை மேற்பார்வை பார்க்க வந்தவளைப்போல் எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்தாள். அத்தான் தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு வலப்பக்கத்தில், வேறு நாட்டிலிருந்து வந்த ஓர் ஆராய்ச்சிக்காரப் பெண். முப்பது வயதுக்குள் இருக்கும், மரியாதையான பெண். அவள் பார்க்க வேண்டிய மேகத்தின் பெயரைச் சொல்லி, "காலியிடம் எது சார்?" என்று கேட்டாள்.

அத்தான் திரையைப் பார்க்காமலே எண்ணைச் சொன்னார். அக்கா என் கையைக் கிள்ளினாள். இதைக் காதால் கேட்கத்தான் அவள் இவ்வளவு தூரம் வந்திருந்தாள்.

அந்தப் பெண் எண்ணை எழுதிக்கொண்டாள். பிறகு பேனாவை மூடாமல் தயங்கினாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். மொதல்ல ஒரு இருபது நிமிஷம் அந்த எடத்தையே பாத்துடலாமா?"

"பாத்துடலாம்" என்றார் அத்தான். தட்டைத் திருப்பினார்.

அன்றைக்கு இருந்த மாதிரி உலர்ந்த காற்று மாதத்தில் இரண்டு நாள்தான் கிடைக்குமாம். அதில் இருபது நிமிடம், அத்தான் சொன்னது உண்மையா என்று பார்க்கப் போனது. கோடு நடுங்கி நடுங்கிக் கடைசியில் தட்டையாகப் படுத்தது. "காலிதான் சார்" என்றாள் அந்தப் பெண். "நல்லது" என்றார் அவர், யாரோ கொடுத்த மனையை யாரோ பார்த்துவிட்டு வந்து சொன்னதைப்போல.

ஜீப் கீழே இறங்கும்போது அக்கா பொரிந்து தள்ளினாள். "நேத்து வந்த பொண்ணு! உங்க வாயிலேருந்து வந்ததும் எழுதிக்கிட்டுப் போன காலம் போயி, இப்ப உங்களையே நிக்கவெச்சு சோதிக்கறாங்களா? அதுவும் கடைசி நாள்ல?"

"அந்தப் பொண்ணு மேல தப்பில்ல. அது விதி. பட்டியல்ல இருக்கற எந்த எடத்தையும் சோதிக்காம எடுக்கக் கூடாது."

"எந்த மடையன் போட்டான் அந்த விதிய? அந்தப் பேராசிரியரா?"

"அவரு வேணாம்னுதான் சொன்னாரு, நேரம் வீணாகுதுன்னு. நான்தான் விடாம நச்சரிச்சுப் போடவெச்சேன்" என்றார் அத்தான். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கொஞ்ச தூரம் போன பிறகு, "போடறப்ப இவ்வளவு வலிக்கும்னு தெரியல" என்றார்.

எனக்கு அழுகை வந்தது. டிரைவர் பார்க்கக் கூடாது என்று செல்போனை நோண்டினேன். அக்கா அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள், வீடு வரும்வரை விடவில்லை.